கல்லில் எழுதும் காற்று

ஒரு முழ நீளம்கூட இல்லாத கருவி. கையில் எடுத்தால் ஒரு கிலோ எடை இருக்குமோ என்னவோ. அதன் விசையை அழுத்தினால், இரும்பு உளியும் சுத்தியலும் மணிக்கணக்கில் மல்லுக்கட்டும் கருங்கல்லில் ஒரு பெயர் சில நிமிடங்களில் இறங்கி உட்கார்ந்துவிடுகிறது. கைப்பிடி சாண்ட் பிளாஸ்டிங் கன்னைப் பற்றித்தான் சொல்கிறேன். எங்கள் பட்டறையில் வேறு எத்தனையோ மெஷின்கள் உண்டு. கட்டிங், பாலிஷ், டிரில்லிங் எல்லாம் உண்டு. ஆனால் காலையில் கதவைத் திறந்ததும் என் கை தானாகப் போவது இந்தக் கன்னிடம்தான். இதைவிடக் குறைந்த விலையில் இதைவிடப் பெரிய வேலை செய்யும் கருவியை நான் இன்னும் பார்க்கவில்லை.

குடுபல்லியில் இருந்துகொண்டு கல்லை நேசிக்காமல் இருக்க முடியாது. சித்தூர் மாவட்டத்தின் மேற்கு மூலையில், ஒரு பக்கம் தமிழ்நாடும் இன்னொரு பக்கம் கர்நாடகமும் தொட்டுக்கொண்டிருக்கும் மண் இது. ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூரு போகும் ரயிலில் குப்பம் தாண்டினால் எங்கள் நிலையம். ஜன்னல் வழியாகப் பார்த்தாலே போதும், வயலுக்கு நடுவில் பாறை முதுகைக் காட்டிக்கொண்டு படுத்திருக்கும். ‘குப்பம் கிரீன்’ என்ற பெயரில் வெளிநாடு வரை போன பச்சைக் கிரானைட் இந்தப் பக்கத்துக் கல். கறுப்புக் கல்லும் இங்கே உண்டு. பாலிஷ் ஏற்றினால் முகம் பார்க்கலாம். அந்தக் கறுப்பில் கன்னைப் பிடிக்கும்போது வரும் அழகுக்கு ஈடே இல்லை. கண்ணாடிபோல் மின்னும் பரப்பு, கன் வீசும் துகளான கிரிட் பட்ட இடத்தில் மட்டும் சொரசொரப்பாகி, வெளிச்சத்தை நாலாபக்கமும் சிதறடித்து வெளுத்துத் தெரியும். பெயின்ட் அடிக்காவிட்டாலும் எழுத்து தெளிவாகப் படிக்க வரும்.

இந்த மண்ணில் கல்லில் பெயர் வெட்டுவது நேற்று வந்த பழக்கமும் இல்லை. சித்தூர், கிருஷ்ணகிரி, செங்கம் என்று இந்த வட்டாரம் முழுக்க நடுகற்கள் நிற்கின்றன. ஆநிரை மீட்கப் போய் விழுந்த வீரனின் உருவமும் அவன் பெயரும் கல்லில் வெட்டப்பட்டு, மழையும் வெயிலும் தாங்கி நூற்றாண்டுகளைக் கடந்திருக்கின்றன. தமிழ்நாடு தொல்லியல் துறை ‘செங்கம் நடுகற்கள்’ என்று 1972-இல் தனி நூலே வெளியிட்டது. அந்த எழுத்துகளை வெட்டிய கைகளின் மேல் எனக்கு அளவில்லாத மரியாதை. கன் வந்ததால் அந்தக் கைவேலை சிறுத்துவிடவில்லை. ஊரில் சாதாரண மனிதர் ஒருவர் தன் அம்மாவின் சமாதியில் நல்ல கல்லில் நல்ல எழுத்தில் பெயர் வைக்க ஆசைப்பட்டால், அவர் கைக்கு எட்டும் செலவில் அது நடக்கிறது. இந்தக் கருவி செய்த புண்ணியம் அது.

பிறந்த கதை

அமெரிக்காவின் பிலடெல்பியாவைச் சேர்ந்த பெஞ்சமின் செவ் டில்மன், வேகமாக வீசும் மணலால் கல்லையும் கண்ணாடியையும் உலோகத்தையும் அரிக்கும் முறைக்கு 1870-இல் காப்புரிமை வாங்கினார். உள்நாட்டுப் போரில் படை நடத்தியவர் அவர். காப்புரிமை வாங்கிய கொஞ்ச காலத்திலேயே, அதே போரில் இறந்த வீரர்களின் நினைவுக் கற்களுக்கு இந்த முறை கைகொடுத்தது. வெர்மாண்ட் மாநிலத்துப் பளிங்குக் கல்மேல் இரும்பு எழுத்துகளை வைத்து, சுற்றிலும் மணலை அடித்து, எழுத்து மட்டும் புடைப்பாக நிற்கும்படி ஆயிரக்கணக்கான கற்களைச் செய்தார்கள். அவர்களுக்கும் அது நடுகல்தான். இந்தத் தொழில்நுட்பம் முதலில் பேர் வாங்கிய வேலையே நான் இன்று செய்யும் வேலையாக இருப்பதில் எனக்குப் பெரும் சந்தோஷம்.

அன்று இரும்பு எழுத்து இருந்த இடத்தில் இன்று ரப்பர் ஷீட் இருக்கிறது. கல்லையே தின்னும் கிரிட் ரப்பரை ஒன்றும் செய்வதில்லை என்பதைப் புதிதாகப் பார்ப்பவர்கள் நம்பவே மாட்டார்கள். கல் கடினமானது, ஆனால் நொறுங்கும் குணம் உடையது. வேகமாக வரும் ஒவ்வொரு துகளும் அதில் கண்ணுக்குத் தெரியாத விரிசலை உண்டாக்கி ஒரு சிறு சில்லைப் பெயர்த்தெடுக்கும். ரப்பர் அடியை வாங்கி, உள்ளே அமுங்கி, துகளைத் திருப்பி அனுப்பிவிடும். மெல்லியது பிழைக்கிறது, கடினமானது தேய்கிறது. இதைக் கண்ணால் பார்க்கிற ஒவ்வொரு முறையும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

உள்ளே என்ன நடக்கிறது

கன்னைக் கழற்றிப் பார்த்தால் இவ்வளவுதானா என்று தோன்றும். பின்பக்கம் காற்று வரும் வழி. நடுவில் காற்றைக் கூராக்கி அனுப்பும் சின்ன ஜெட். ஜெட்டுக்கு முன்னால் ஒரு அறை, அந்த அறையில் கிரிட் வந்து சேரும் வாய். கடைசியில் நாசில். ஜெட்டிலிருந்து பாயும் காற்று அறையில் உள்ள காற்றையும் இழுத்துக்கொண்டு ஓடுவதால் அங்கே அழுத்தம் குறைகிறது. அந்தக் குறைந்த அழுத்தம் கிரிட்டை உறிஞ்சுகிறது. கிரிட்டும் காற்றும் கலந்து நாசில் வழியாகச் சீறுகின்றன. இதில் மோட்டார் கிடையாது, சர்க்யூட் கிடையாது. எது கெட்டாலும் நம் கையாலேயே கண்டுபிடித்து நம் கையாலேயே சரிசெய்துவிடலாம்.

இரண்டு வகை கடையில் கிடைக்கும். தலையில் குவளை வைத்த கன் ஒன்று. கிரிட் தன் எடையிலேயே இறங்கும். சின்ன வேலைக்கு, கையில் தூக்கிக்கொண்டு ஏணியில் ஏறுவதற்கு, ஒரே ஒரு பெயர்ப் பலகைக்கு இது போதும். இன்னொன்று, ஓஸ் வைத்துக் கீழே இருக்கும் வாளியிலிருந்து கிரிட்டை உறிஞ்சும் கன். கை வலிக்காது, கிரிட் சீக்கிரம் தீராது. சாதாரணமான கன் ஆயிரம், ஆயிரத்தைந்நூறு ரூபாய்க்குள் வாங்கிவிடலாம். நாசிலில் மட்டும் கஞ்சம் பார்க்காதீர்கள். பீங்கான் நாசில் மலிவு, ஆனால் சீக்கிரம் தேயும். டங்ஸ்டன் கார்பைடு நாசில் விலை கூட, ஆனால் பல மடங்கு உழைக்கும். போரான் கார்பைடு அதற்கும் மேல். முதலில் பீங்கானில் கைபழகி, பிறகு கார்பைடுக்கு மாறுங்கள். மாறிய அன்று நீங்களே கன்னைத் தட்டிக் கொடுப்பீர்கள்.

காற்றுதான் முதலாளி

கன் ஆயிரம் ரூபாய்தான், ஆனால் அதன் வயிறு கம்ப்ரசர். இங்கேதான் பலர் சோர்ந்துபோய்க் கன்னைத் தூக்கி மூலையில் போடுகிறார்கள். பஞ்சர் கடையில் இருக்கும் சின்னக் கம்ப்ரசரைக் கொண்டுவந்து மாட்டினால், முதல் அரை நிமிடம் பிரமாதமாக அடிக்கும். அப்புறம் மூச்சு வாங்கும். டேங்கில் சேர்த்து வைத்த காற்று தீர்ந்ததும் முள் இறங்கிவிடும்.

கணக்கு ரொம்ப எளிது. 80 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் 2.5 மில்லிமீட்டர் ஜெட் நிமிடத்துக்கு 11, 12 கன அடி காற்றைக் குடிக்கும். 3 மில்லிமீட்டர் ஜெட் என்றால் 17 கன அடிக்குப் போய்விடும். பொதுவாக ஒரு ஹெச்.பி. கம்ப்ரசர் நிமிடத்துக்கு 3.5 முதல் 4 கன அடிதான் தரும். ஆக, சின்ன ஜெட்டுக்கு 3 ஹெச்.பி., பெரிய ஜெட்டுக்கு 5 ஹெச்.பி. வேண்டும். எங்கள் பக்கத்தில் இன்னொரு விஷயமும் சேர்கிறது. குப்பம் கடல்மட்டத்திலிருந்து 680 மீட்டருக்குப் பக்கத்தில் இருக்கிற மேட்டுப் பூமி. சென்னையோடு பார்த்தால் இங்கே காற்று நூற்றுக்கு எட்டு பங்கு அடர்த்தி குறைவு. கம்ப்ரசர் அதே அளவு சுற்றினாலும் உள்ளே போகும் காற்று அவ்வளவுக்குக் குறைகிறது. கடைக்காரர் சொல்லும் அளவைவிட ஒரு படி பெரியதாக வாங்குவது மேட்டு ஊர்களில் நல்லது.

கம்ப்ரசருக்கு அடுத்தபடி ஓஸ். கால் அங்குல மெல்லிய ஓஸை ஐம்பது அடிக்கு இழுத்துவிட்டு, “பிரஷர் பத்தல” என்று கம்ப்ரசரைக் குறை சொல்லக் கூடாது. அரை அங்குல ஓஸ், முடிந்த அளவு குட்டையாக, வளைவு இல்லாமல். பிரஷர் கேஜ் ஒன்றைக் கன்னின் கழுத்திலேயே மாட்டிவிடுங்கள். டேங்கில் 110 காட்டும் முள், விசையை அழுத்தியதும் கன்னிடம் எவ்வளவு காட்டுகிறது என்பதுதான் உண்மையான பிரஷர்.

தண்ணீர் என்னும் திருடன்

கன்னுக்கு வரும் நோய்களில் பாதிக்கு மேல் ஈரத்தால் வருபவை. காற்றை அழுத்தும்போது அதில் இருக்கும் ஈரமும் நெருக்கப்பட்டு, ஆறியதும் தண்ணீராக இறங்குகிறது. 30 டிகிரி வெப்பமும் நூற்றுக்கு எழுபது ஈரப்பதமும் உள்ள நாளில், நிமிடத்துக்கு 10 கன அடி காற்று தரும் கம்ப்ரசர் ஒரு மணி நேரம் ஓடினால் 300 மில்லி அளவுக்குத் தண்ணீர் பிரியும். அந்தத் தண்ணீர் கன் வரை வந்தால், மாவுபோல் நயமான கிரிட் சேறாகி நாசிலை அடைத்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழைக் காலத்திலும், மார்கழிப் பனிக் காலையிலும் இந்தத் தொல்லை இரட்டிப்பாகும்.

மருந்து கைவசம் இருக்கிறது. வேலை தொடங்குமுன் டேங்கின் அடியில் உள்ள வால்வைத் திறந்து தண்ணீரை வெளியேற்றுங்கள். வேலை நடுவிலும் ஒருமுறை திறங்கள். வாட்டர் செபரேட்டரைக் கம்ப்ரசரின் வாயிலேயே மாட்டாதீர்கள். அங்கே காற்று சூடாக இருக்கும், ஈரம் ஆவியாகவே தப்பித்துப் போய்விடும். காற்று கொஞ்ச தூரம் இரும்புக் குழாயில் ஓடி ஆறிய பிறகு, கன்னுக்குப் பக்கத்தில் மாட்டினால்தான் அது தன் வேலையைச் செய்யும். கிரிட் மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகைமேல் வையுங்கள். சந்தேகமாக இருந்தால் தகரத்தில் பரப்பி வெயிலில் காயவைத்து, சலித்துப் போடுங்கள். இதைச் செய்தாலே பாதிக் கவலை தீர்ந்தது.

கார்னெட்டுக்குக் கும்பிடு

பெயரில்தான் சாண்ட். ஆற்று மணலையோ குவாரி மணலையோ கன்னில் போடவே கூடாது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன். எனக்குப் பிடித்த கிரிட் கார்னெட். இளஞ்சிவப்பு நிறத்தில் கைநிறைய அள்ளினால் மணலைவிடக் கனமாக இருக்கும். மணலின் அடர்த்தி 2.65 என்றால் கார்னெட் 4-ஐத் தொடும். அதே வேகத்தில் போனாலும் கனமான துகள் பலமாக அடிக்கும். மோ அளவுகோலில் கடினத்தன்மை 7-க்கு மேல், துகள்கள் கூர்முனையோடு இருக்கும், தூசியும் குறைவு.

இந்தக் கார்னெட்டுக்கு நம் தமிழ்க் கடற்கரையே தாய்வீடு. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியில் கடல் அலை ஒதுக்கும் மணலில் இல்மனைட், சிர்கான், மோனசைட் இவற்றோடு கார்னெட்டும் கிடைக்கிறது. 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், இந்தப் பக்கத்திலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டு, அதன் தடம் பிடித்து இந்தக் கரைக்கு வந்தார் என்பது வரலாறு. இன்று பொதுத்துறை நிறுவனமான ஐ.ஆர்.இ.எல். அங்கே கனிமங்களைப் பிரித்தெடுக்கிறது. தெற்குக் கடலின் மணிகளால் வடக்கு எல்லையின் பாறையில் எழுதலாம் என்று நினைக்கும்போதே எனக்கு ஒரு பூரிப்பு.

எழுத்து வேலைக்கு 80 மெஷ் கார்னெட் போதும். ஆழமாக இறங்க வேண்டுமானால் 30/60 மெஷ். ரொம்பக் கடினமான கல்லுக்கு பிரவுன் அலுமினியம் ஆக்சைடு. அது மோ அளவுகோலில் 9. கறை பிடித்த பித்தளை, அலுமினியச் சாமான்களுக்குக் கண்ணாடி மணி. ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம், ஒவ்வொன்றும் ஒரு ருசி.

மூன்று மொழி எழுத்து

எங்கள் ஊரில் ஒரே தெருவில் தெலுங்கு, தமிழ், கன்னடம் மூன்றும் கேட்கும். திராவிட மொழிகளுக்கென்றே 1997-இல் ஒரு பல்கலைக்கழகம் குப்பத்தில் வந்ததும் அதனால்தான் பொருத்தம். பட்டறைக்கு வரும் ஆர்டரும் அப்படித்தான். பள்ளிக்கூடத்துக்குத் தெலுங்கில் சிலாபலகம் என்னும் கல்வெட்டுப் பலகை, வாணியம்பாடிப் பக்கத்து வீட்டுக்குத் தமிழில் பெயர்க்கல், பங்காருபேட்டைப் பக்கத்துக்குக் கன்னடத்தில் சமாதிக் கல். உளிக்கு நேர்கோடு பிடிக்கும், வளைவு கஷ்டம். நம் மூன்று மொழி எழுத்தும் வளைந்து சுழிப்பவை. கன்னுக்கு வளைவும் நேர்கோடும் ஒன்றுதான். ரப்பரில் கத்தி எப்படிப் போனதோ அப்படியே கல்லில் இறங்கும். நம் எழுத்துகளுக்காகவே இதைக் கண்டுபிடித்தார்களோ என்று எனக்குத் தோன்றும்.

வேலை முறை இப்படி. கல்லை சோப்புத் தண்ணீரால் கழுவி, காயவைத்து, ஸ்பிரிட்டால் துடைத்துவிடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ரப்பர் ஒட்டாது. பிளாட்டரில் வெட்டிய ரப்பர் ஸ்டென்சிலை நடுவிலிருந்து ஓரத்துக்குக் காற்றுக் குமிழி இல்லாமல் உருட்டி ஒட்டுங்கள். எழுத்துப் பகுதியை உரித்தெடுங்கள். எழுத்தின் வயிற்றுக்குள் தனியாக நிற்கும் தீவுகளை விரலால் ஒருமுறை அழுத்திவிடுங்கள். தமிழில் ‘ண’, ‘ஞ’, ‘ழ’ போன்றவற்றில் இடைவெளிகள் குறுகலானவை. அங்கே ரப்பர் மெல்லிய நாக்குபோல் நிற்கும், முதலில் கிளம்புவது அதுதான். எழுத்து அளவு சின்னதானால் கோட்டைக் கொஞ்சம் மெலிதாக்கி, இடைவெளிக்கு இடம் விடுங்கள்.

கன்னைக் கல்லுக்கு நேர் செங்குத்தாக, ஒரு சாண் தூரத்துக்குள் பிடியுங்கள். ஒரே இடத்தில் நிறுத்தாமல், வரிக்கு மேல் ஒரே வேகத்தில் ஓட்டுங்கள். சாய்த்துப் பிடித்தால் ரப்பரின் ஓரத்துக்கு அடியில் கிரிட் நுழைந்து எழுத்தின் விளிம்பு மங்கிவிடும். புள்ளி வைப்பதில்தான் கைத்திறமை. பெரிய பள்ளத்தில் கிரிட் தாராளமாக உள்ளே போய் வெளியே வரும். சின்ன வட்டத்தில் போன கிரிட்டும் திரும்பி வரும் கிரிட்டும் மோதிக்கொள்வதால் ஆழம் குறையும். எழுத்தெல்லாம் முடித்த பிறகு புள்ளிகளுக்கு மட்டும் தனியாகக் கன்னைப் பக்கத்தில் கொண்டுபோய் இன்னொரு சுற்று கொடுங்கள். ‘க்’ ‘ம்’ ‘ன்’ தலையில் ஆழமாக, வட்டமாக, நிழல் விழும்படி ஒரு புள்ளி உட்காரும்போது வரும் திருப்தியை வார்த்தையில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

மக்கர் செய்தால்

இனி என் மனதுக்கு மிகவும் பிடித்த பகுதி. இந்தக் கன் மக்கர் செய்யும், ஆனால் ஏன் என்பதை ஒளிக்காது. அறிகுறியைப் பார்த்தாலே காரணம் தெரியும். எதைத் தொடுவதற்கு முன்னும் காற்றை அடைத்து, விசையை அழுத்தி உள்ளே இருக்கும் அழுத்தத்தை வெளியேற்றிவிட வேண்டும். இது சட்டம். நாசிலில் காற்று வருகிறதா என்று விரலை வைத்துப் பார்ப்பது ஒருபோதும் கூடாது.

காற்று வருகிறது, கிரிட் வரவில்லை: கிரிட் ஓஸைக் கழற்றி, அது மாட்டும் வாயருகில் ஒரு காகிதத் துண்டைக் காட்டி விசையை அழுத்துங்கள். காகிதத்தை இழுத்தால் கன் நலம், கோளாறு ஓஸிலோ வாளியிலோ இருக்கிறது. ஓஸில் விரிசல் இருந்தால் கிரிட்டுக்குப் பதில் வெளிக்காற்றை உறிஞ்சும். வாளியில் குழாய் கிரிட்டுக்குள் முழுக்கப் புதைந்து, காற்றுக்கு வழியே இல்லாமல் போனாலும் இப்படித்தான். காகிதத்தை இழுக்கவில்லை என்றால் கோளாறு கன்னில்.

காகிதத்தைத் தள்ளுகிறது, அல்லது குவளையில் கிரிட் குமிழி விடுகிறது: நாசில் அடைத்திருக்கிறது. காற்றுக்கு முன்னால் வழி இல்லாததால் பின்னால் வருகிறது. நாசிலைக் கழற்றி மெல்லிய கம்பியால் குத்தி எடுங்கள். பெரும்பாலும் ஒரு கல்துண்டோ ஈரக் கட்டியோ இருக்கும். இது அடிக்கடி நடந்தால் கிரிட்டைச் சலிக்கவில்லை என்று அர்த்தம். அடைப்பே இல்லாமலும் தள்ளினால் ஜெட்டுக்கும் நாசிலுக்கும் பொருத்தம் இல்லை. நாசிலின் துளை ஜெட்டின் துளையைப்போல் இரு மடங்கு இருக்க வேண்டும். 2.5 ஜெட்டுக்கு 5 நாசில், 3 ஜெட்டுக்கு 6 நாசில்.

விட்டு விட்டு வருகிறது: கிரிட் அதிகம், காற்று குறைவு. ஓஸ் நடுவில் தொங்கினால் அந்தப் பள்ளத்தில் கிரிட் தங்கி, சேர்ந்து, மொத்தமாகக் கிளம்பும். ஓஸைக் குட்டையாக்கி, வாளியைக் கொஞ்சம் உயர்த்தி வையுங்கள். உறிஞ்சு குழாயில் காற்றுத் துளை இருந்தால் அதைக் கொஞ்சம் திறந்துவிடுங்கள். கிரிட் நிறையப் போனால் வேலை வேகமாக நடக்கும் என்பது நினைப்பு மட்டும்தான். நாசிலிலிருந்து வரும் தாரை மெல்லிய புகைபோல், ஊடே பார்க்கிற மாதிரி இருந்தால் அதுதான் சரியான கலவை.

முன்போல் வெட்டவில்லை: முதலில் கன்னின் கழுத்தில் உள்ள கேஜைப் பாருங்கள். அது சரியாக இருந்தால் நாசிலைப் பாருங்கள். துளை அகன்றுவிட்டால் அறையில் உறிஞ்சும் சக்தி குறையும், தாரையும் பரந்து போகும். டிரில் பிட்டின் அடிப்பக்கத்தைத் துளையில் விட்டுப் பார்த்தால் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். 6 மில்லிமீட்டர் துளையில் 7.5 பிட் நுழைந்தால் நாசிலுக்கு விடை கொடுங்கள்.

தாரை ஒரு பக்கம் சாய்கிறது: நாசில் ஒருபுறமாகத் தேய்ந்திருக்கிறது. வேலை தொடங்கும்போதெல்லாம் நாசிலைக் கால் சுற்று திருப்பி மாட்டும் பழக்கம் இருந்தால் இது வரவே வராது. நாசிலின் ஆயுளும் கூடும்.

விசையை விட்டாலும் காற்று நிற்கவில்லை: வால்வுக்குள் கிரிட் புகுந்திருக்கிறது. பிரித்து, ஊதி, ஓ-ரிங்கைப் பாருங்கள். சில ரூபாய் வளையம்தான், ஒன்றிரண்டு எப்போதும் கையில் வைத்திருங்கள்.

கையில் ஷாக் அடிக்கிறது: காய்ந்த கிரிட் ரப்பர் ஓஸில் உரசி ஓடுவதால் சேரும் நிலைமின்சாரம். கன்னின் உலோக உடம்பிலிருந்து ஒரு செம்புக் கம்பியை எர்த்துக்கு இழுத்துவிடுங்கள். போதும்.

இவ்வளவுதான் இந்தக் கன்னின் வைத்திய சாஸ்திரம். இதில் மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டியது ஒன்றாவது இருக்கிறதா?

தூசிக்கு மட்டும் பயப்படுங்கள்

ஆற்று மணல் ஏன் கூடாது என்றால், அது பெரும்பாலும் குவார்ட்ஸ். உடைந்து பறக்கும் அதன் நயமான தூசி நுரையீரலில் தங்கி, சிலிக்கோசிஸ் என்ற நோயைக் கொடுக்கும். அந்த வடு ஆறாது. எங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் கோலார் தங்கவயலுக்கு இதன் வலி நன்றாகத் தெரியும். வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் போன நம் தமிழர்கள் பலர் அங்கே பாறையைக் குடைந்தவர்கள். 1940-களில் நடந்த ஆய்வில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டோருக்கு அந்த நோய் இருந்தது தெரியவந்தது. பிரிட்டன் 1949-இலேயே வார்ப்பட வேலைகளில் மணல் அடிப்பதைத் தடுக்க விதி கொண்டுவந்தது. ஜீன்ஸ் துணிக்கு மணல் அடித்த இளைஞர்கள் நோயில் விழுந்ததைப் பார்த்து, துருக்கி 2009-இல் அதைத் தடை செய்தது. நம் நாட்டுச் சட்டமும் சிலிக்கோசிஸைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் வைத்திருக்கிறது.

கார்னெட்டுக்கு மாறினால் பாதி ஆபத்து போகும், முழுதும் போகாது. நாம் அடிக்கிற கிரானைட்டிலேயே குவார்ட்ஸ் இருக்கிறது. கல்லிலிருந்து கிளம்பும் தூசியும் அதே தூசிதான். அதனால்தான் இரும்பில் அடித்த கார்னெட்டைச் சலித்து மறுபடி பயன்படுத்துவேன், கல்லில் அடித்ததைப் பயன்படுத்த மாட்டேன். கல்லின் குவார்ட்ஸ் அதில் கலந்துவிட்டிருக்கும். கைக்குட்டை கட்டிக்கொள்வதோ சாதாரண முகக்கவசமோ இதற்கு ஆகாது. தனிக் குழாயில் சுத்தமான காற்று வரும் தலைக்கவசம், அடைத்த அறை, தூசியை இழுத்து வடிகட்டும் எக்ஸாஸ்ட், தடித்த கையுறை, காதுக்கு மஃப். சின்னச் சாமான்களுக்குக் கை நுழைக்கும் துளையுள்ள கண்ணாடிப் பெட்டி. முடித்ததும் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். தூசி படிந்த சட்டையோடு வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்கக் கூடாது. கன்னை நேசிப்பவர்கள் இந்த ஏற்பாட்டைச் செலவாக நினைக்க மாட்டார்கள்.

கல்லோடு நிற்பதில்லை

கல் இல்லாத நாளில் கன்னுக்கு இரும்பைக் கொடுப்பேன். தாத்தா காலத்து மாட்டுவண்டிப் பட்டை, துருவேறிய சைக்கிள் சட்டம், கிணற்றடி ராட்டினம், வெல்டிங் முடிந்த கேட், எதுவானாலும் சரி. உப்புத்தாளும் கம்பி பிரஷ்ஷும் எட்டாத இடுக்கிலெல்லாம் கிரிட் புகுந்து துருவைத் துரத்தும். அடித்து முடித்த இரும்பு மங்கிய வெள்ளிபோல் ஒரே சீராக நிற்கும். அந்தச் சொரசொரப்பில் பிரைமர் பல் பிடித்து உட்காரும். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். துரு போன இரும்பு அம்மணமாக நிற்கிறது. எங்கள் பக்கத்துப் பனிக்காற்றில் சில மணி நேரத்திலேயே மறுபடி சிவக்கத் தொடங்கும். அடித்த அன்றே பிரைமர் பூசிவிட வேண்டும். மெல்லிய தகரத்துக்கு மட்டும் பிரஷரைப் பாதியாகக் குறையுங்கள். இல்லாவிட்டால் தகரம் நெளிந்துபோகும்.

கண்ணாடிக் கதவில் கோலம் போடலாம், பித்தளைக் குத்துவிளக்கின் கறையைக் கண்ணாடி மணியால் எடுக்கலாம், பழைய ஆட்டுக்கல்லில் வீட்டுப் பெயரை எழுதி வாசலில் வைக்கலாம். இவ்வளவும் ஒரே கன்.

குப்பம், கிருஷ்ணகிரி, ஓசூர், வாணியம்பாடி என்று கல் கிடைக்கும் ஊரில் இருக்கும் இளைஞர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்று. சொந்தமாக ஏதாவது தொழில் தொடங்க நினைத்தால் இந்தக் கன்னைக் கையில் எடுத்துப் பாருங்கள். கம்ப்ரசருக்கும் தலைக்கவசத்துக்கும் முதலில் பணம் ஒதுக்குங்கள், கன்னுக்குக் கடைசியில் ஒதுக்குங்கள். காற்று காய்ந்திருக்கட்டும், கிரிட் சலித்திருக்கட்டும், நாசில் தேயாதிருக்கட்டும். மணல் மட்டும் வேண்டவே வேண்டாம். இந்த நாலையும் காப்பாற்றினால் இந்தக் கன் உங்களை ஏமாற்றாது. நீங்கள் எழுதிய பெயரை உங்கள் பேரப்பிள்ளைகள் படிப்பார்கள்.